“அண்ணை, உவை!”

அந்தக் கார்ட்டூனின் பெயர் பல வருடங்களாக எனக்குத் தெரியாது. ஒன்பது வீடியோ கொப்பிகள்; கசெற்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையால் எழுதிய ஜப்பான் எழுத்து, அதன் கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம். எங்களுக்கு வாசிக்கத் தெரிந்தது இலக்கம் மட்டும்தான். டொரொண்டோவின் டோர்செட் பார்க் மாடிகளில் வளர்ந்து இப்போது வாசிப்பதற்குக் கண்ணாடி தேடுகிற என் வயதுக்காரருக்கு நான் சொல்லப்போவதில் பாதி சொல்லாமலே விளங்கும். மற்றப் பாதி எனக்கே இந்த வருடம்தான் விளங்கியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் அம்மாவும் வந்து இறங்கிய இரண்டாவது பனிக்காலம். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இருந்தோம். சின்னம்மா, சித்தப்பா, அவர்களின் மகள் அக்கா, நாங்கள் இருவர், இன்னும் சித்தப்பாவின் இரண்டு சினேகிதர்கள். படுக்கையறை ஒன்று. அது சினேகிதர்களுக்கு, ஏனென்றால் அவர்கள் வாடகை கொடுத்தார்கள். அம்மா, விமானத்தில் கொடுக்கும் கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் உறைக்குள் போடுகிற தொழிற்சாலைக்கு இருட்டோடு போய் இருட்டோடு வருவா. பனிக்காலத்தில் நாலரை மணியே இருட்டுத்தானே.

எங்கள் தளத்தில் குப்பை அறை ஒன்று இருந்தது, நினைவிருக்கும். சுவரில் ஒரு இரும்புக் கதவு. பையைத் தள்ளினால் பதினொரு மாடியும் கடகடவென்று இறங்கிப்போகும். அதற்குள் போகாத சாமான்களை ஆட்கள் சுவரோடு வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக் கதிரைகள், மேசை விளக்கு, என் முதல் பனிச் சப்பாத்து எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு சனிக்கிழமை சித்தப்பா அங்கிருந்து ஒரு மட்டைப் பெட்டியோடு வந்தார். எங்கள் தளத்தில் இருந்த ஒரு மாணவன் வீடு மாறும்போது விட்டுப்போனது.

“அருமையான கொப்பியள். ஒண்டும் பழுதில்லை. அழிச்சுப்போட்டு எங்கட விசேசங்களைப் பிடிக்கலாம்” என்றார்.

“முதல்ல என்ன இருக்கெண்டு பாப்பம் அப்பா” என்றா அக்கா. அவவுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் வீடியோ டெக்கை இயக்கத் தெரிந்த ஒரே ஆள். அதனால் அவவின் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

படம் கடலில் தொடங்கியது. ஒரு பக்கம் சிவப்புக் கொடி கட்டிய மரக்கலங்கள், மறுபக்கம் வெள்ளைக் கொடி. அது ஜப்பானில் எண்ணூறு வருடங்களுக்கு முன் உண்மையாகவே நடந்த சண்டை என்பதும், அதைச் சுற்றி ஊர்க்கதைகள் ஏராளம் என்பதும் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது இவ்வளவுதான்: சிவப்புக் கொடிக்காரர் தோற்கிறார்கள். பட்டு உடுத்த பெண்கள் கையோடு கை கோத்துக் கடலுக்குள் இறங்குகிறார்கள். வீரர்கள் கவசத்தோடு குதித்து ஆழத்துக்குப் போகிறார்கள். அடியில், இருட்டில், ஒவ்வொருவராக நண்டாக மாறுகிறார்கள். நண்டின் ஓட்டில் கோபமான மனித முகம். அந்தக் குலத்தில் மிச்சம் இரண்டு பிள்ளைகள். அண்ணனுக்குப் பதினேழு வயதிருக்கும். தங்கைக்கு என் வயது.

அண்ணன் மலையில் ஒளிந்திருப்பான். தங்கை கரையில் இருப்பாள். நண்டுகள் அவளோடு பேசும். வெள்ளைக் கொடிக்காரர் தேடி வரும்போதெல்லாம் நண்டுகள் வந்து அவளுக்குச் சொல்லும். அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஓடுவாள். ஓடி, மூங்கில் காட்டு விளிம்பில் நின்று கத்துவாள்.

“அண்ணெ, உவெ!”

நான் எழும்பி நின்றுவிட்டேன்.

“அக்கா, உவள் தமிழ் கதைக்கிறாள்.”

“உனக்கு விசரே? அது ஜப்பான்.”

“வடிவாக் கேள்.”

அக்கா பின்னுக்கு ஓட்டிப் போட்டா. மூங்கில், மூச்சு வாங்கும் முகம், அந்தக் குரல். அண்ணெ, உவெ. அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. “ஐயோ, ஓமடி!”

வேறு ஊர்க்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பேச்சில் இவை என்றால் கிட்ட நிற்பவர்கள். அவை தூரத்தில் நிற்பவர்கள். உவை இரண்டுக்கும் நடுவில், வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் நிற்பவர்கள். இன்னும் வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டார்கள். இளம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போன அந்த வருடங்களில் ஊரில் ஒருவரும் பெயர் சொல்லிக் கதைக்கமாட்டார்கள். உவை வந்தவையாம், உவைக்குத் தெரிஞ்சால் என்றுதான் கதை போகும். எந்த உவை என்று நான் எழுதப்போவதில்லை. ஆளுக்கு ஓர் உவை இருந்தார்கள்.

ஊரில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலையும் இருந்தது. எனக்கு எட்டு வயது, என் அண்ணைக்குப் பதினேழு. அவர் பகலெல்லாம் பின்வளவில் விறகுக் கொட்டிலுக்குள் ஒரு பழைய பாயில் இருந்து படிப்பார். நான் வாசல் படலையில் நிற்கவேண்டும். ஒழுங்கையில் ஆட்கள் தெரிந்தால், “அண்ணை, உவை!” என்று கத்தவேண்டும். அவர் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் கடற்கரைப் பக்கம் ஓடிவிடுவார். இதை அம்மா எனக்கு மூன்று தரம் சொல்லிக் கத்திக் காட்டவும் வைத்தா. இரண்டு தரம் நான் கத்தி, அவர் ஓடி, பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். ஒரு தரம் வந்தது தபால்காரர்.

உண்மையாக அவர்கள் வந்த நாள் நான் படலையில் இல்லை. அடுத்த வளவில் ஆடு குட்டி போட்டது. பார்க்கப் போனேன். இரண்டாவது குட்டி எழும்பி நிற்கும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது முற்றத்தில் மூன்று பேர். அம்மா கிணற்றுக் கட்டோடு நின்றா. அண்ணை சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டார். அவர்களோடு நடந்து போனார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

டொரொண்டோவில் யாராவது கேட்டால், “வீட்டைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சவை” என்று அம்மா சொல்லுவா. ஒவ்வொரு முறையும் அதே நாலு சொல். நான் பக்கத்தில் நின்று என் சப்பாத்தைப் பார்ப்பேன். நீ கத்தியிருந்தால் என்று அம்மா ஒருநாள் திரும்பிச் சொல்லுவா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆகவே அந்தக் கார்ட்டூன் பிள்ளை எனக்கு யார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு தரமும் பிந்தாதவள். ஒவ்வொரு பாகத்திலும் ஓடினாள், ஒவ்வொரு பாகத்திலும் கத்தினாள், அண்ணன் தப்பினான். அவன் முடிவில் வீட்டுக்கு வருவானா என்பது மட்டும்தான் அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது. அவன் வந்தால் என் அண்ணையும் வருவார். இதற்கு நியாயம் கேட்காதீர்கள். ஒன்பது வயது.

சனிக்கிழமைகளில் சித்தப்பா நண்டு வாங்கி வருவார். சின்னம்மா நண்டை உடைத்துக் கழுவும்போது நான் ஓடுகளை எடுத்துக் குசினி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சரக்குத் தூள் மணமும், யன்னலில் வடியும் ஆவியும், ரேடியேற்றரில் காயும் கையுறைகளின் ஈரக் கம்பளி மணமும் சேர்ந்த ஒரு மணம் உண்டு; இன்றைக்கும் அது எங்கிருந்தாவது வந்தால் நான் நின்றுவிடுவேன்.

“என்னடி தேடுறாய்?”

“முகம்.”

“ஆற்ற முகம்?”

“செத்த ஆக்களின்ர.”

சின்னம்மா கையில் இருந்த நண்டைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டா. அன்றைக்கு அவ நண்டு சாப்பிடவில்லை. சித்தப்பா அவவின் பங்கையும் சாப்பிட்டார்.

ஆறாவது கொப்பி பார்த்த நாள் அது நடந்தது. படத்தில் தங்கை கத்தும் இடம் வந்தால் நானும் அக்காவும் சேர்ந்து கத்துவோம். அன்றைக்கு அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தா. நான் தனியே, முழுத் தொண்டையில், “அண்ணை, உவை!” என்று கத்தினேன். வெளியே ஹோலில் ஏதோ விழுந்தது. கதவு திறந்தது. அம்மா நின்றா. சப்பாத்தில் பனி, பின்னால் நிலத்தில் சாப்பாட்டுப் பை, உருளும் ஒரு தோடம்பழம். அம்மா வீட்டைச் சுற்றி ஒரு தரம் பார்த்தா, யன்னலையும் பார்த்தா. பிறகுதான் ரிவியைப் பார்த்தா. வந்து எனக்கு ஓங்கி ஒரு அறை. அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை.

“பகிடியே உனக்கு? பகிடியே?”

சின்னம்மா இடையில் வந்து அம்மாவிடம், “பிள்ளைக்குப் பயம் பிடிச்சிட்டுது அக்கா. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோவம்” என்றா. கொண்டுபோனார்கள். காணாமற்போன திறப்புக் கோர்வைக்கும் காணாமற்போன ஆளுக்கும் அவரிடம் ஒரே மன்றாட்டுத்தான். மெழுகுதிரி வாசத்தில் முழங்காலில் இருந்து எல்லோரும் என் அண்ணைக்காகச் செபித்தார்கள். கொப்பிகளை அவர்கள் எறிந்துவிடக்கூடாது என்று நான் செபித்தேன்.

எறியவில்லை. பார்க்கவேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அக்கா அதற்கு வழி வைத்திருந்தா: சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்ப்பது. ஏழும் எட்டும் ஊமைப் படமாக ஓடின. எல்லாருடைய குரலும் நான்தான். வெள்ளைக் கொடித் தளபதி, கண் தெரியாத பாட்டுக்காரர், நண்டுகள், எல்லாம் குசுகுசுவென்று. அக்கா குப்புறக் கிடந்து சிரிப்பா. “நண்டு ஏனடி எங்கட அப்பா மாதிரிக் கதைக்குது?”

ஒன்பதாவது கொப்பியில் மூன்று பாகம் இருந்தது. முதல் பாகத்தில் அண்ணன் பிடிபட்டான். தங்கை காட்டு விளிம்பில் வாயைத் திறந்தாள். நான் குரல் கொடுக்கவில்லை. மிச்சத்தை அடுத்த நாள் பார்ப்போம் என்று அக்கா நிறுத்தினா. அடுத்த நாள் அக்கா பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் அறையில் அவ, கதவில் சின்னம்மா, வீடு முழுக்க ரெலிபோன் கதை. அக்கா பெரிய பிள்ளையாகிவிட்டா.

சாமத்தியவீடு ஒரு பேஸ்மென்ற் மண்டபத்தில் நடந்தது. அக்கா சிவப்புக் கூறையில் ஒரு சின்ன மணப்பெண் மாதிரி, யாரையும் பார்க்காமல் இருந்தா. இரவல் கமெராவில் பிடித்ததை லண்டனுக்கு அனுப்ப ஒரு கொப்பி வேண்டும் என்று சித்தப்பா பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்தார். கைக்கு வந்தது ஒன்பது.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது ரிவியில் அக்காவுக்கு ஆராத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொப்பியின் முதுகைப் பார்த்தேன். நான் கத்தவில்லை, அழவில்லை. விசேசம் ஓடி முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். விருந்தாளிகள், பலகாரத் தட்டுகள், கேக். பிறகு ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே ஓடியது. அழியாமல் மிஞ்சிய அரை நிமிடம் வந்தது. வெறும் கடல். அதன்மேல் எழுத்துகள் ஏறிக்கொண்டு போயின. கரையில் ஒருவரும் இல்லை.

“சித்தப்பா, அண்ணை வந்தவரோ?” என்று கேட்டேன்.

அவர் கொப்பியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. குசினியில் அம்மாவின் பாத்திரச் சத்தமும் நின்றது. சித்தப்பா என் தலையில் கையை வைத்து, மெல்லிய குரலில், “வருவார் அம்மா. கட்டாயம் வருவார்” என்றார். நல்ல மனிதர். அவர் எந்த அண்ணையைச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. நான் எந்த அண்ணையைக் கேட்டேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஒன்பதாவது கொப்பி லண்டனுக்குப் போனது. மற்ற எட்டிலும் அந்த வருடத்துக்குள்ளேயே பிறந்தநாள்களும் கலியாணங்களும் ஏறிவிட்டன.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். லீமிங்டனில் தக்காளி, வட அல்பேர்ட்டாவில் எண்ணெய்த் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் கட்டில் விரிப்பு, நியூஃபவுண்ட்லாந்தில் இரண்டு பருவம் நண்டுத் தொழிற்சாலை. அங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஓடு என் கையால் போயிருக்கும். பக்கத்தில் நின்ற மனிசி, ஏன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கிறாய், மெதுவாக இருக்கிறாய் என்று ஏசுவா. ஒன்றிலும் முகமில்லை. இப்போது பெரிய லொறி ஓட்டுகிறேன். ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஒருமுறை கலியாணம் கட்டினேன், அதுவும் அந்தக் கணக்குக்குள்தான். போன ஊர்களில் வீடியோக் கடை கண்டால் உள்ளே போய், “நண்டு, கடல், ஒரு அண்ணன், ஒரு தங்கை” என்று கேட்பேன். பெயர் தெரியாமல் என்னத்தைக் கேட்பது? பிறகு கடைகளே இல்லாமல் போய்விட்டன.

அக்கா குடும்பம் வீடு வாங்கி அஜக்ஸுக்குப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னம்மாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை. 401 நெடுஞ்சாலையில் நான் லோடோடு போகும்போது அங்கே இறங்கி ஒருநாள் நின்று போவேன். இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லப்டொப்பில் ஏதோ ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபது வயது. அக்கா கோப்பை கழுவிக்கொண்டே, “சித்தியிட்டைக் கேள், நாங்கள் உதெல்லாம் எப்பவோ பாத்திட்டம்” என்றா. நான் சொன்னேன். நண்டு, கடல், சிவப்புக் கொடி. அவன் மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்தான்.

“சித்தி, இதுவா? திஸ் இஸ் சோ ஓல்ட். நீங்கள் சப்டைட்டில் இல்லாமலா பாத்தனீங்கள்?”

“எங்களுக்கு விளங்கினது. அவள் ‘அண்ணை, உவை’ எண்டு தமிழில கத்துவாள்.”

அவன் அந்த இடத்தை ஓடவிட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

“சித்தி, அது ஒரே ஒரு வேர்ட். அனிஉஎ. அண்ணன் எண்டு அர்த்தம். பழைய காலத்துப் பெரிய வீட்டுப் பிள்ளையள் ரெஸ்பெக்டா சொல்லுறது.”

“அப்ப உவை?”

“எந்த உவை? அந்தச் சொல்லில ஒருத்தரும் இல்லை. ஷீ இஸ் ஜஸ்ற் கோலிங் ஹிம்.”

நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் லொறிப் பக்கம் நின்றேன். முப்பத்தைந்து வருடமாக ஒரு எச்சரிக்கை என்று வைத்திருந்தது வெறும் கூப்பிடுதல். அவள் அண்ணனை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். சும்மா ஒரு பிள்ளை கூப்பிடுவது போல.

திரும்பி உள்ளே வந்து, கடைசிப் பாகத்தைப் போடச் சொன்னேன். அவன் லப்டொப்பை அம்மாவின் அறையில் வைத்துவிட்டுப் போனான், அங்கேதான் நல்ல கதிரை இருந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்து கம்பளியை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தா. என்ன படம் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. யன்னலில் மாலை வெயில்.

“உவன் வருவானோ?” என்றா நடுவில்.

“தெரியாது அம்மா. நானும் இப்பத்தான் பாக்கிறன்.”

அவன் வரவில்லை. தலைநகருக்குக் கொண்டுபோனவர்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள் என்று கண் தெரியாத பாட்டுக்காரர் வந்து சொல்கிறார். தங்கை கரைக்குப் போகிறாள். கடலைப் பார்த்துக் கூப்பிடுகிறாள், ஒரு தரம்தான். நண்டுகள் எல்லாம் கரைக்கு ஏறி வருகின்றன.

“என்ன சொல்லுறாள்?”

“அண்ணை எண்டு கூப்பிடுறாள்.”

“வேற?”

“வேற ஒண்டுமில்லை.”

பிறகு அந்தக் கடல், ஏறும் எழுத்துகள். நான் லப்டொப்பை மூடினேன். அம்மா மூடிய லப்டொப்பையே பார்த்துக்கொண்டிருந்தா.

“அவை வளைக்கேல்லை” என்றா.

நான் கதிரையைக் கட்டில் பக்கம் திருப்பினேன்.

“வளைச்சுப் பிடிச்சவை எண்டு நான்தான் எல்லாருக்கும் சொன்னனான். அவை படலையில வந்து நிண்டு மரியாதையாத்தான் கேட்டவை. அதில ஒருத்தன் உன்ர அண்ணையோட படிச்ச பெடியன், எங்கட வீட்டில சாப்பிட்டவன். அஞ்சு நிமிசம் கதைச்சிட்டு விட்டிடுவம் அன்ரி எண்டான். ஒளிச்சிருந்தாத்தான் பிழையாப் போகும் எண்டு நினைச்சன். நான் பின்பக்கம் போய்க் கூப்பிட்டனான்.”

“நான் படலையில நிக்கேல்லை அம்மா. ஆட்டுக்குட்டி பாக்கப் போயிட்டன்.” முப்பத்தைந்து வருடத்தில் முதல் தரம் அதை வாயால் சொன்னேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது.

“தெரியும்.”

“கத்தியிருந்தால்...”

“நீ கத்தியிருந்தாலும் நான் கூப்பிட்டிருப்பன்.” அம்மா கம்பளியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தா. “அண்டைக்கு எனக்கு அவங்களில அவ்வளவு நம்பிக்கை.”

கீழே அக்கா யாரையோ தேத்தண்ணிக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை. கேட்கலாமா என்று யோசித்தேன். இனி எப்போது கேட்பது?

“நீங்கள் கூப்பிட அண்ணை என்ன சொன்னவர்?”

அம்மா யோசிக்கவே இல்லை.

“என்னத்தைச் சொல்லுறது. ‘வாறன் அம்மா’ எண்டவன்.”